பதினாறாம் மலைக்கு ஒரு கலப்பை

கொஸ்கலைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் நல்லையாவைப் 'பாஸ்' என்று கூப்பிட்ட காலம் பதினெட்டு வருஷம். தச்சனோ கொல்லனோ மெஷின்காரனோ, கைவேலை தெரிந்தவனை இந்தப் பக்கத்தில் தமிழரும் சிங்களவரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு முன்னால் ஏழு வருஷம் அவருக்குக் 'கோழி' என்று பெயர். வைத்தவர் சின்னத்தம்பி கங்காணி. வைத்தவர் அன்று சாயங்காலமே மறந்திருப்பார். சுமந்தவருக்கு அப்படி மறக்க வாய்க்கவில்லை. நடந்த நாசத்துக்கெல்லாம் காரணம் தேடிக்கொண்டு போனால் கடைசியில் அந்தப் பெயரில்தான் போய் முட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் ஆம்பிளைகளின் வேலைகளில் முள்ளுக் குத்துவது ஒன்று. நாலு பல் வைத்த இரும்பு முள்ளை மண்ணில் இறக்கி, நெம்பிப் புரட்டி விட வேண்டும். எவ்வளவு ஆழம் புரண்டிருக்கிறது என்று பார்க்கக் கங்காணி கையில் ஒரு கொய்யாக் குச்சி இருக்கும். அதில் ஒரு வெட்டு. குச்சி அந்த வெட்டு வரைக்கும் மண்ணுக்குள் போனால் அன்றைக்கு முழுப் பேர். போகாவிட்டால் அரைப் பேர். ஒரு நாள் கூலியைத் தோட்டத்தில் பேர் என்றுதான் சொல்வது. அதனால் ஆழம் என்பது இங்கே வெறும் ஆழம் இல்லை. அது ஆளின் மானம், ராத்திரிச் சோறு, பெண்டாட்டி முகத்தில் தெரிகிற மரியாதை எல்லாம் சேர்ந்த ஒன்று.

எழுபத்தேழாம் வருஷம், இருபத்தொரு வயதில், நல்லையாவுக்குக் கிடைத்தது பாதையோரத்துக் கல்லு மண். முள்ளு இறங்கவில்லை. காய்ச்சல் வேறு. சாயங்காலம் சின்னத்தம்பி வந்து குச்சியைக் குத்தினார். வெட்டு மண்ணுக்கு மேலே ஒரு சாண் வெளியே நின்றது. முப்பது பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க பாருங்கப்பா, முள்ளு குத்தச் சொன்னா கோழி மாதிரி கிளறி வச்சிருக்கான்! அரைப் பேரு!"

சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் பிடிக்கிற பீலியடியில், கோயில் திருவிழாவில், சாவு வீட்டில்கூட அவர் கோழிதான். சின்னப் பிள்ளைகள் அவரைக் கண்டால் கொக்கரித்துவிட்டு ஓடும். எண்பத்துநாலில் ஃபேக்டரிப் பட்டறையில் சாமான் தூக்க ஆள் குறைந்தபோது நல்லையா தானாகப் போய் நின்றார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடைசல் மெஷின் ஓடுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். ஒரு நாள் கொழுந்து உருட்டுகிற ரோலரின் உடைந்த தண்டைக் கொழும்புக்கு அனுப்பாமல் தன் கையாலேயே கடைந்து பொருத்தி ஓட விட்டார். அன்றைக்கு ஃபேக்டரியை நடத்துகிற டீமேக்கர் "பாஸ்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் பட்டறையிலேயே செத்துப்போகக்கூடத் தயாராக இருந்தார்.

ஜெயம்மாவைக் கல்யாணம் பேசும்போது 'ஃபேக்டரி பாஸ்' என்றுதான் பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். கோழிக் கதை அவளுக்குத் தெரிய ஒரு வருஷம் ஆனது. பீலியடியில் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்து, லயத்து வரிசை வீட்டில் அவர்களுடைய காம்பராவுக்குள் நுழைந்தாள். அன்றைக்கு நல்லையா சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதே கிடையாது.

ஒரே பிள்ளை விஜயகலா. தொண்ணூற்றொன்பதில் கம்பெனி ஃபேக்டரியை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்தபோது அவளுக்குப் பதினாலு வயது. கொழும்பில் ஒரு நோனா, அதாவது சிங்களத்து எஜமானியம்மா, வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அடித்தார்கள், சூடு வைத்தார்கள் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. நோனா நல்லவள்தான். ஆனால் வாசல் கேட்டின் சாவி நோனாவின் இடுப்பில் இருந்தது. மூன்று வருஷமாக அந்தப் பிள்ளை தனியாக ரோட்டில் இறங்கி நடந்ததில்லை. குசினியில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள். வருஷப்பிறப்புக்கு வந்து போகும்போதெல்லாம் தானே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். ஏறிய பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டாள். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடப்பதுபோல ஒரு கொடுமை நல்லையாவுக்கு வேறு இருந்ததில்லை.

இரண்டாயிரத்து ஒன்று கடைசியில்தான் அந்த டிராக்டர் வந்தது. ஏதோ ஒரு உதவி நிறுவனம், தோட்டத்து நலன்புரிச் சங்கத்துக்கென்று கொடுத்தது. ஜப்பானில் யாரோ தன் வீட்டுத் தோட்டத்தில் ஓட்டிவிட்டுக் கழித்த குட்டி டிராக்டர். பதினாறு குதிரைச் சக்தி. நின்றால் ஆளின் நெஞ்சு உயரம்கூட வராது. மாலை போட்டுத் தேங்காய் உடைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். போன பிறகுதான் பின்பக்கத்தை எல்லோரும் பார்த்தார்கள். தூக்குகிற கை மூன்றும் சும்மா நீட்டிக்கொண்டிருந்தன. மாட்ட ஒரு கலப்பை இல்லை, கொத்து இல்லை. கொடுத்தவர்கள் மண்ணைப் பற்றி யோசிக்கவே இல்லை போலிருக்கிறது. கேட்டு எழுதினதற்கு, ஏதாவது ஒரு கருவி வாங்க மட்டும் உதவுவதாகப் பதில் வந்தது.

தோட்டத்து மேனேஜர் பெரிய துரை அந்த நேரம் நல்ல மனசில் இருந்தார். தேயிலை செத்துப்போய் மானாப் புல் மண்டிக் கிடந்த பதினாறாம் நம்பர் மலையைப் பதினெட்டுக் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துப் பயிர் செய்யக் கொடுத்தார். நன்றாகச் செய்தால் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை. மலையில் குறுக்காக ஓடுகிற கான் கெட்டு மண் கீழே இறங்கினால் காணி திரும்பிப் போகும். கான் என்பது மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடாமல் தடுத்துத் திருப்பிவிட மலைக்குக் குறுக்கே வெட்டுகிற வாய்க்கால். கீழ்க்கணக்கு ஆம்பிளைகள் பிறந்ததிலிருந்து வெட்டுகிற வேலை அது. அதனால் துரை சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நல்லையாவுக்கு ஏழாவது துண்டு விழுந்தது. ஜெயம்மா மூன்றாம் நாள் சொன்னாள்.

"இஞ்சி போடுவோங்க. கஹவத்தையில நல்ல வெல போகுதாம். இது மட்டும் கை குடுத்துச்சுன்னா நம்ம புள்ளைய இனிமே அனுப்ப வேணாம்."

"அனுப்ப மாட்டேன்" என்றார் நல்லையா. கருவியைப் பார்த்துப் பொருத்துகிற பொறுப்பைச் சங்கம் அவரிடம் கொடுத்திருந்தது. வேறு யாரிடம் கொடுக்கும்?

பெல்மதுளைச் சந்தியில் ஸம்சுதீன் நானாவின் யார்ட் இருந்தது. எம்பிலிப்பிட்டியப் பக்கத்து வயல்களில் ஓடி ஓய்ந்த பெரிய டிராக்டர்களைக் கழற்றிப் போட்டு விற்கிற இடம். ஸம்சுதீன் நானா டிராக்டரின் அளவையெல்லாம் கேட்டுவிட்டு, தேடிப் பார்த்து, ஒரு மூலையிலிருந்து ஐந்து பல் வைத்த சின்னக் கொத்தை இழுத்துப் போட்டார். மூன்று கையிலும் கழுத்தில் சங்கிலி விழுவது மாதிரி விழுந்து பொருந்தியது. நல்லையாவுக்கே ஆச்சரியம்.

மாசி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் மலையில் வெள்ளோட்டம். பதினெட்டு வீட்டாரும் வந்திருந்தார்கள். நல்லையா குறுக்காக, கானுக்குக் கானாக ஓட்டினார். குட்டி டிராக்டர் ஒரு முக்கல் முனகல் இல்லாமல் போனது. மண் சீவிச் சீவிப் பொலபொலவென்று விழுந்தது. நாலு விரல் ஆழம். அவர் இறங்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டபோது, சின்னத்தம்பி கங்காணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஐம்பத்தெட்டு வயது. ஓய்வு பெற இரண்டு வருஷம். கையில் அதே கொய்யாக் குச்சி, அல்லது அதன் பேரப்பிள்ளை. உழுத மண்ணில் குத்தினார். கால்வாசிகூட இறங்கவில்லை.

"என்னா பாஸ்?" என்றார் சிரித்துக்கொண்டே. "திரும்பவும் கோழியா?"

இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு மலையே சிரித்தது. கெட்ட எண்ணத்தில் இல்லை. சின்னத்தம்பிக்கே அது ஒரு அன்பான கேலி. ஆனால் வயசாளி ஒருத்தர் "கொக்கொக்கோ" என்று வேறு குரல் கொடுத்தார். அர்த்தம் தெரியாத பொடிசுகளும் சேர்ந்து கொக்கரித்தன. நல்லையாவின் காது இரண்டும் தீயாக எரிந்தது. நாற்பத்தாறு வயதில், பட்டறை பாஸ், கல்யாண வயதில் பிள்ளை இருக்கிற மனுஷன், அந்த இடத்திலேயே இருபத்தொரு வயசுக் காய்ச்சல்காரனாக நின்றார்.

மற்றவர்களுக்கும் அந்த ஆழம் பிடிக்கவில்லை. முப்பது வருஷம் குச்சிக்குப் பயந்து முள்ளுக் குத்தினவர்கள் அவர்கள். நாலு விரல் மண்ணைப் பார்த்து இதில் பயிர் வரும் என்று நம்ப அவர்களால் முடியவில்லை. "இஞ்சிக்கு ஆழம் வேணும்ல" என்றார்கள். "மெஷினு வந்தும் இம்புட்டுத்தானா?" என்றார்கள். மண்ணை ஆழமாகப் புரட்டாதவன் ஏமாற்றுக்காரன் என்று தோட்டம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. அதைச் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரன் எப்போதோ போய்விட்டான். குச்சி மட்டும் இங்கேயே நின்றுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை நல்லையா கொத்தைத் தூக்கிக்கொண்டு பெல்மதுளைக்குப் போனார். யார்டின் பின்பக்கம் ஒரு சட்டிக் கலப்பை கிடந்தது. சட்டி மாதிரிக் குழிந்த இரண்டு பெரிய இரும்புத் தட்டு. ஒரு முழத்துக்குக் குறையாமல் மண்ணைப் புரட்டிப் போடும். அதைக் காட்டினார்.

ஸம்சுதீன் நானா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "பாஸ், அது நாப்பத்தஞ்சு குதிர இழுத்த சாமான். ஒங்கட மெஷினு பதினாறு. எலிக்கு ஆனைட கொம்ப மாட்ட ஏலுமா?"

"ஆழம் பத்தலீங்க நானா."

"நான் செல்லுறதக் கேளுங்க. அந்தக் கொத்தயே ஒரே தடத்துல மூணு வாட்டி ஓட்டுங்க. ஒவ்வொரு வாட்டியும் இன்னும் ரெண்டு விரல் எறங்கும். மெஷினுக்கும் நோகாது, மண்ணுக்கும் நோகாது."

சரியான வழி அதுதான். நல்லையாவுக்கும் அது தெரிந்தது. ஆனால் மூன்று தடவை ஓட்டுவதை மலையில் யார் நின்று பார்க்கப் போகிறார்கள்? முதல் தடவையிலேயே குச்சி வந்து நின்றுவிடும். "பட்டறையில வச்சுப் பொருத்திக்கிறேன், குடுங்க" என்றார். ஸம்சுதீன் நானா தலையை ஆட்டிக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். வியாபாரி அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

அப்புறம் நடந்ததைச் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. அந்தக் குட்டி டிராக்டர் நாலு தடவை வேண்டாம் என்று சொன்னது. நாலு தடவையும் நல்லையா அதன் வாயை அடைத்தார்.

கலப்பையின் முளை தடிமனாக இருந்தது, டிராக்டர் கையின் துளைக்குள் நுழையவில்லை. ஃபேக்டரி மூடியிருந்த நாளில் கடைசலில் கொடுத்து முளையை மெலிய வைத்தார். சட்டத்தின் அகலம் கூடுதலாக இருந்தது. அறுத்துக் குறுக்கி, ஒரு சட்டியைக் கழற்றிவிட்டு வெல்டிங் பிடித்தார். அதைத் தூக்கினால் டிராக்டரின் முன் சில்லு இரண்டும் குதிரை மாதிரி மேலே எழும்பின. பட்டறைக்குப் பின்னால் கிடந்த பழைய ரோலரின் இரும்பை வெட்டி மூக்கில் கட்டித் தொங்க விட்டார். முன்பக்கம் அடங்கியது. மலையில் குறுக்காக ஓட்டிப் பார்த்தபோது சட்டி மண்ணை ஒரு பக்கமாகத் தள்ள, அத்தனை பாரத்தோடு டிராக்டர் சரிவுப் பக்கம் சாய்ந்தது. மேல் சில்லு அந்தரத்தில் சுற்றியது. நல்லையா குதித்துத் தப்பினார். முழங்கை உரிந்தது.

அன்றைக்காவது விட்டிருக்கலாம். மலையோரத்தில் உட்கார்ந்து, ஜெயம்மா கொடுத்தனுப்பிய தேத்தண்ணி ஆறிப்போகும் வரைக்கும் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். குறுக்கே போக முடியாது. மேலே பார்த்து இழுக்கச் சக்தி இல்லை. கீழே பார்த்து இழுத்தால்? சரிவே தள்ளிக் கொடுக்கும். கலப்பையைத் தூக்கிக்கொண்டு வெறுமனே மேலே வந்து, திரும்பவும் கீழே பார்த்து இழுக்கலாம். எழுந்து அப்படி ஒரு சால் ஓட்டிப் பார்த்தார். ஒரு முழம் மண் புரண்டு கறுப்பாக மின்னியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

ஆறு நாள் உழுதார். பதினெட்டுத் துண்டும் மேலிருந்து கீழாக. வழியில் இருந்த கானெல்லாம் புரண்ட மண்ணில் தூர்ந்தன. அதை ஆட்கள் பார்க்காமல் இல்லை. "கானப் பொறவு வெட்டிக்கலாம், நாங்க வெட்டாத கானா?" என்றார்கள். சித்திரை வருஷப்பிறப்பு வருகிறது, லீவு முடிந்து எல்லோருமாகச் சேர்ந்து இரண்டே நாளில் வெட்டிவிடலாம் என்று முடிவானது.

ஜெயம்மா மட்டும் கேட்டாள். கொழுந்துக் கூடையோடு வரும் வழியில் நின்று மலையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "என்னாங்க, கோடெல்லாம் கீழ பாத்து ஓடுது?"

"கான் வெட்டிருவோம்ல."

"எப்ப?"

"வருஷப்பிறப்பு கழிச்சு."

அவள் வானத்தைப் பார்த்தாள். கூடையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

ஏப்ரல் பதினோராம் தேதி கடைசிச் சால் முடிந்தது. எல்லோரும் வந்து பார்த்தார்கள். சின்னத்தம்பி கங்காணி மலை நடுவில் நின்று குச்சியைக் குத்தினார். வெண்ணெயில் போவது மாதிரி வெட்டையும் தாண்டிப் போய், பிடி மண்ணில் இடித்தது. அவர் நிமிர்ந்து, நல்லையாவைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படியாகக் கத்தினார்.

"முழுப் பேரு!"

கை தட்டினார்கள். நல்லையாவின் ஆயுசில் அவரைப் பார்த்துக் கை தட்டியது அந்த ஒரு தடவைதான். சங்கம் சேர்ந்து வாங்கிய விதை இஞ்சி ஈரச்சாக்குக்குக் கீழே அவர் காம்பராவிலேயே குவிந்து கிடந்தது. முளை விட ஆரம்பித்திருந்தது. வீடே மணத்தது.

மறுநாள் விஜயகலா வந்தாள். வழக்கமாக ஒரு சின்னப் பையோடு வருகிறவள், இந்தத் தடவை இரண்டு பெரிய பையும் ஒரு சுருட்டின பாயுமாக பஸ்ஸிலிருந்து இறங்கினாள்.

"என்னாம்மா இது, பாயெல்லாம்?" என்றார் நல்லையா.

"நோனாகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்ப்பா. இனிமே வர மாட்டேன்னு. அம்மா கடிதாசி போட்டிருந்தாங்கல்ல, மலைய உழ ஆரம்பிச்சாச்சுன்னு."

நல்லையா பாயை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். நேரே வீட்டுக்குப் போகவில்லை. பதினாறாம் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உழுத மண்ணில் காலை வைத்தாள். கணுக்கால் வரைக்கும் இறங்கியது. சிரித்தாள். "நம்ம துண்டு எதுப்பா?" என்று கேட்டு, ஏழாவது துண்டின் நடுவில் போய் நின்று, இரண்டு காலையும் மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு, "இங்கேயே இருந்துர்றேன்" என்றாள். பதினேழு வயதுப் பெண். நோனா வீட்டுக் குசினியில் மூன்று வருஷம் அடக்கி வைத்த சிரிப்பு அது.

பதிமூன்றாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்கு மழை பிடித்தது. சித்திரை மழைதான், ஒவ்வொரு வருஷமும் வருகிற மழைதான். ஓப்பநாயக்கப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, இடித்து, பிறகு ஒரே கொட்டு. லயத்துத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்கவில்லை. பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த ஜெயம்மா தாச்சியை அப்படியே இறக்கி வைத்துவிட்டு நல்லையாவைப் பார்த்தாள். நல்லையா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் ஓடினார்கள். பாதிப் பேர் வருஷப்பிறப்புக்கென்று குடித்திருந்தார்கள், தடுமாறிக்கொண்டே ஓடினார்கள். போய்ப் பார்த்தால் வெட்ட ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் வெட்டி வைத்த கான்கள் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்பும். நல்லையா வெட்டி வைத்த கான்கள் நேரே கீழே கொண்டுபோயின. குறுக்கே மண்வெட்டியால் அணைத்தவர்களின் காலுக்கடியிலேயே மண் நகர்ந்தது. ஒருத்தர் விழுந்து புரண்டு இருபது அடி கீழே போய் எழுந்தார். நல்லையா ஏழாவது துண்டில் நின்றார். அணைக்கவில்லை, வெட்டவில்லை. இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அள்ளி மேலே போட்டுக்கொண்டிருந்தார். பைத்தியக்காரன் செய்கிற வேலை. விஜயகலாதான் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஐந்து மணிக்கு மழை விட்டது. மலை மஞ்சளாக நின்றது. கீழே இருந்த கெட்டியான களியும் கல்லும் பல் மாதிரி வெளியே தெரிந்தன. கலப்பை எவ்வளவு ஆழம் போயிருந்ததோ, அவ்வளவு ஆழத்துக்கு மண் போயிருந்தது.

அந்த மண்ணெல்லாம் போய் இறங்கியது கிராமத்துச் சிங்களவன் குணபாலவின் வயலில். மலையடிவாரத்தில் அந்த மனுஷனுக்கு இருந்ததே அந்த ஒரு வயல்தான். அடுத்த போகத்துக்கு வரப்புக் கட்டி, சேறடித்து வைத்திருந்தான். பலாக்காய்க் காலத்தில் லயத்துக்குக் காய் கொண்டுவந்து போடுகிறவன். வரப்பு ஒன்றுகூடத் தெரியாமல் போன இடத்தின் ஓரத்தில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். நல்லையா இறங்கிப் போனார். அடிக்க வருவான், ஏசுவான் என்று எதிர்பார்த்துத்தான் போனார்.

"மகே கும்புர இவரய், நல்லையா" என்றான் குணபால. என் வயல் போச்சு என்றான். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பாஸ் என்று அவன் கூப்பிடவில்லை என்பது நல்லையாவுக்கு வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது.

பெரிய துரை பதினாறாம் தேதி வந்தார். காணி திரும்பத் தோட்டத்துக்கு. டிராக்டருக்குப் பூட்டு. பதினெட்டுக் குடும்பத்து ஆம்பிளைகளும் குணபாலவின் வயலில் ஏறின மண்ணை அள்ளிச் சுத்தப்படுத்திக் கொடுக்க வேண்டும், அந்த வேலைக்குப் பேர் கிடையாது. கேட்டுக்கொண்டு நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். துரை திரும்பி நடந்தவர், நின்று, பட்டறைக்குப் பின்னாலிருந்த ரோலர் இரும்பை வெட்டியது யார் என்று கேட்டார். தோட்டத்துச் சாமானை, தோட்டத்துக் கடைசலை, கேட்காமல் எடுத்தது யார்?

"நாந்தாங்க தொரை" என்றார் நல்லையா.

அதோடு பட்டறையும் முடிந்தது. இனிமேல் மலை வேலைக்கு வா, முள்ளு எடு என்றார் துரை. போலீஸுக்குச் சொல்லாதது அவருடைய பெருந்தன்மை.

லயத்தில் யாரும் நல்லையாவை ஏசவில்லை. நட இடமில்லாமல் கிடந்த விதை இஞ்சியை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்தாள் ஜெயம்மா. அந்த மாதம் பூராவும் கீழ்க்கணக்கில் எல்லா வீட்டிலும் இஞ்சித் தேத்தண்ணி. "நல்லாத்தான் இருக்கு" என்று வாசலில் உட்கார்ந்து குடித்தார்கள். ஏசியிருந்தால் பதில் சொல்லலாம். அந்தத் தேத்தண்ணிக்கு என்ன பதில் சொல்வது?

விஜயகலா யாரும் சொல்லாமலே பையைக் கட்டினாள். பாயைச் சுருட்டினாள். ஜெயம்மா அழுதுகொண்டே உதவி செய்தாள். நல்லையா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அனுப்ப மாட்டேன் என்று சொன்ன வாய் அவருக்கு இருந்தது. அதைத் திறக்க முடியவில்லை.

பதினெட்டாம் தேதி காலை ஏழு மணிக்கே எல்லோரும் குணபாலவின் வயலில் இறங்கிவிட்டார்கள். சின்னத்தம்பி கங்காணி வரப்பு இருந்த இடத்தில் நின்றார். நல்லையாவின் கையில் பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு முள்ளு. உள்ளங்கை பத்து நிமிஷத்தில் பொத்துப்போனது. எட்டரை பஸ்ஸுக்குப் போகிற வழியில் ஜெயம்மாவும் விஜயகலாவும் வயலோரம் வந்து நின்றார்கள். பெரிய பைகள் ஜெயம்மாவிடம், பாய் விஜயகலாவின் தோளில் இருந்தது. கையில் ஒரு துணிப் பை.

"போய்ட்டு வாறேன்ப்பா."

"நோனா சேத்துக்குவாங்களாம்மா?"

"சேத்துக்குவாங்க. நல்லவங்கதானே. வேற புள்ள வச்சிருந்தா, வேற வீடு பாத்துக் குடுப்பாங்க." துணிப் பையைத் தூக்கிக் காட்டினாள். "அவங்களுக்குக் குடுக்கக் கொஞ்சம் இஞ்சி எடுத்துக்கிட்டேன்."

சேற்றுக் கையோடு அவர் ஒரு அடி எடுத்து வைத்தார். தொடவில்லை. சட்டை அழுக்காகிவிடும். அவள் திரும்பி ஏறிப் போனாள். சுத்தமாக வெளுத்துப் போட்ட சட்டை. அவ்வளவுதான் அவரால் பார்க்க முடிந்தது. பிறகு குனிந்து குத்த ஆரம்பித்தார்.

எவ்வளவு மண் ஏறியிருக்கிறது என்று பார்த்தால்தானே வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று சின்னத்தம்பி கங்காணி இறங்கி வந்தார். நல்லையா நின்ற இடத்தில் குச்சியைக் குத்தினார். பதினாறாம் மலையின் மண், பொலபொலவென்று நன்றாகப் புரட்டிவிட்ட மண். குச்சி ஒரு தடையும் இல்லாமல் போனது. வெட்டைத் தாண்டி, பிடியைத் தாண்டி, அவர் கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போனது.

"முழுப் பேரு" என்றார்.

முப்பது வருஷப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். கையை மண்ணிலிருந்து உருவவில்லை, நிமிரவும் இல்லை. மேலே ரோட்டில் பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றி, கியர் மாற்றிப் புறப்படுகிற சத்தம் கேட்டது. பதினேழு பேரும் முள்ளைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று நல்லையாவுக்கு இருந்தது.